மேர்சியாவும் மேலாதிக்க அரசர் பட்டியலும்

கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து ஒரே அரசாக அமைந்திருக்கவில்லை. நோர்தம்பிரியா, மேர்சியா, வெசெக்ஸ், கென்ற், கிழக்கு அங்கிலியா முதலிய ஆங்கிலோ-சக்சன் அரசுகள் தம்முள் ஓயாது போரிட்டன. வலிமை மிக்க அரசன் ஏனையோரிடமிருந்து திறையும் படைத்துணையும் பெற்று மேலாதிக்கம் செலுத்தினான். இம்மேலாதிக்கத்தின் வரலாறு யாரால் எழுதப்பட்டது என்பதும் ஆராயற்பாலது.

731 இல் தமது திருச்சபை வரலாற்றினை நிறைவு செய்த பீட் என்னும் துறவியார், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே ஆதிக்கம் செலுத்திய ஏழு அரசர்களைப் பட்டியலிடுகின்றார். அவருள் இறுதி மூவரான எட்வின், ஒஸ்வல்ட், ஒஸ்வியு ஆகியோர் பீடின் தாயகமான நோர்தம்பிரியாவை ஆண்டவர்கள். 633 இல் வேல்சிய அரசன் கட்வலனுடன் கூடி எட்வினையும், 642 இல் ஒஸ்வல்டையும் போரில் வீழ்த்திய மேர்சிய மன்னன் பெண்டாவுக்கு அப்பட்டியலில் இடமில்லை. அவன் கிறித்தவம் தழுவாமையே இதற்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. பட்டியலின் முதலிருவரும் கிறித்தவரல்லர். மேலும், கிறித்தவனான மேர்சிய மன்னன் எதெல்போல்டுக்குத் தென்னாட்டரசுகள் அனைத்தும் அடங்கியிருந்தன எனப் பீடே வேறோரிடத்திற் கூறியும், அவனையும் பட்டியலிற் சேர்த்தாரல்லர்.

மேலாதிக்கம் அரசனது ஆற்றலையே சார்ந்திருந்தமையால் அது நிலைபெறவில்லை. 655 இல் பெண்டாவைக் கொன்று மேர்சியாவைக் கைப்பற்றிய ஒஸ்வியு, மூன்றாண்டுகளுள் அந்நாட்டுப் பிரபுக்களின் கிளர்ச்சியால் அதனை இழந்தான். தென் ஆங்கிலேயர் அனைவரதும் மன்னன் என 736 ஆம் ஆண்டுச் சாசனத்திற் குறிக்கப்பட்ட எதெல்போல்ட், 757 இல் தன் மெய்க்காவலராலேயே கொல்லப்பட்டான். அவனுக்குப்பின் உள்நாட்டுப் போரில் வென்று அரியணையேறிய ஓபா 796 வரை ஆண்டு, கென்ற் அரசைத் தன் நேரடி ஆட்சிக்குட் கொணர்ந்தான். 794 இல் கிழக்கு அங்கிலிய மன்னனின் தலையைக் கொய்வித்தான்.

825 இல் வெசெக்ஸ் மன்னன் எக்பேட் மேர்சியரை முறியடித்தான். 829 இல் அவன் கைப்பற்றிய மேர்சியா, 830 இல் மீண்டும் அதன் மன்னன் விக்லாபின் வசமாயிற்று. எனினும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸிற் தொகுக்கப்பட்ட ஆங்கிலோ-சக்சன் ஆண்டுக்குறிப்பு, பீடின் எழுவரையும் கூறி, எட்டாமவனாக எக்பேட்டைச் சேர்க்கின்றது. ஓராண்டு வெற்றிக்குக் கிடைத்த இடம் ஓபாவின் முப்பத்தொன்பது ஆண்டு ஆட்சிக்குக் கிடைக்கவில்லை.

பெண்டா, ஓபா காலத்து மேர்சியர் எழுதிய வரலாற்று நூல் எதுவும் எமக்குக் கிட்டவில்லை. ஓபாவின் நாணயங்களும், சாசனங்களும், வேல்ஸ் எல்லையில் அவன் அமைத்த நெடிய மண்ணரணுமே அவனது வலிமைக்குச் சான்று பகர்கின்றன. எனவே, பட்டியல்கள் கூறுவனவற்றோடு அவை கூறாது விட்டனவற்றையும் வினவுதல் வரலாற்று மாணவரது கடனாகும்.