முள் ட்ரைலோபைட்டும் நம் ஊர் நடுகல்லும்



ட்ரைலோபைட் படத்தை உங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் மரவட்டை போலத் தோன்றும் கடல் உயிரி. உடல் நீளவாக்கில் மூன்று மடலாக இருப்பதால் அந்தப் பெயர். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோனது.

நம் தருமபுரியில் அதன் புதைபடிவம் கிடைக்குமா? கிடைக்காது. ஒகேனக்கல்லில் காவிரி விழும் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. ட்ரைலோபைட் பிறந்தபோதே அவற்றுக்கு ஏறக்குறைய 200 கோடி வயது!

இந்தியாவில் ட்ரைலோபைட் கிடைக்கும் இடங்களில் ஒன்று இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி. இன்று உயர்ந்த மலை, அன்று கடலடி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி ஹேடன் அங்கே பாறைகளை அடுக்கு அடுக்காக அளந்து, எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துவைத்தார். அவர் சேகரித்தவற்றை ஆராய்ந்த கௌப்பர் ரீட், 1910இல் ஒரு முள் ட்ரைலோபைட்டுக்கு நம் நாட்டின் பெயரால் 'இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். இன்று அதன் முழுப்பெயர் ஓரிக்டோசெபாலஸ் இண்டிகஸ். வால் தகட்டின் ஓரமெல்லாம் முள்.

அதே இனம் சீனாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்தது. எனவே தூர தேசத்துப் பாறைகளின் வயதை ஒப்பிட அது உதவியது. கேம்பிரியன் காலத்தின் ஒரு பகுதிக்கு மியாவோலிங்கியன் என்று பெயர். இந்த உயிரி முதன்முதலாகத் தென்படும் அடுக்கே அதன் தொடக்கம் என்று 2018இல் உலகப் புவியியலாளர்கள் முடிவு செய்தார்கள். அதற்கான அடையாள இடம் சீனாவின் குய்சோ மாகாணத்தில் உள்ளது.

கவனியுங்கள்: படிவம் மட்டும் இருந்தால் அது அழகான கல். எந்த இடம், எந்த அடுக்கு என்ற குறிப்பும் சேர்ந்தால்தான் அது வரலாறு.

நம் மாவட்டத்து நடுகற்களுக்கும் இதே கதைதான். ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் உயிர்விட்டவர்களுக்கு நட்ட கற்கள் அவை. நின்ற இடத்தை விட்டுப் பெயர்த்தால், எந்த ஊருக்காக அந்த வீரன் விழுந்தான் என்பதும் மறைந்துபோகலாம். சொந்த ஊர்த் தோட்டத்திலோ, சாலை வேலை நடக்கும் இடத்திலோ அப்படி ஒரு கல் தென்பட்டால் நகர்த்தாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ தெரிவியுங்கள். அரியலூர்ப் பக்கம் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கும், அங்கே அம்மோனைட் படிவங்களைப் பார்த்தால் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.