ஜப்பானிய மேப்பிள் போன்சாய்

ஏசர் பால்மேட்டம் என்ற இலையுதிர் மரத்தைத் தாழ்ந்த தொட்டியில் நட்டு, வேரையும் கிளையையும் கவாத்து செய்து, முதிர்ந்த மரத்தின் தோற்றத்தோடு சிறிய உருவில் வளர்ப்பதே ஜப்பானிய மேப்பிள் போன்சாய். தரையில் 6 முதல் 10 மீட்டர் வரை ஓங்கும் இம்மரம் தொட்டியில் முழங்கை உயரத்தில் நின்றுவிடும். ஜப்பானும் கொரியாவும் இதன் தாயகம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் முடக்கத்தானும் பூந்திக்கொட்டை மரமும் இதே சாப்பிண்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை.

விரல் விரித்த கைபோன்ற இலையைப் பார்த்து, 'தவளையின் கை' என்ற பொருளில் ஜப்பானியர் மேப்பிளுக்குக் கயேடே என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு பெயரான மோமிஜி, இலை நிறம் மாறுவதைக் குறித்த பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது. போன்சாய் வளர்ப்போர் இந்த மரத்தை மோமிஜி என்றும், சீனாவிலிருந்து வந்த மூவிலைமடல் மேப்பிளைக் கயேடே என்றும் பிரித்துச் சொல்வார்கள். இலைச் சிவப்பைக் காணவே ஊர் ஊராகப் போகும் வழக்கத்துக்கு மோமிஜிகாரி என்று பெயர். கியோட்டோவின் டோஃபுகு-ஜி கோயிலில் நவம்பர் பிற்பகுதியில் இதற்காகக் கூட்டம் நெரியும்.

இம்மரத்தின் அழகு முழுவதும் குளிரிலிருந்து பிறக்கிறது. இரவு வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களில் இலை பச்சையத்தை இழக்கத் தொடங்குகிறது. காம்பின் அடியில் தடுப்புத் திசு உருவாகி, இலையில் சேர்ந்த சர்க்கரை கிளைக்குள் இறங்குவது குறைகிறது. பகல் வெயிலும் இந்தச் சர்க்கரையும் சேர்ந்து ஆந்தோசயனின் என்ற செந்நிறமியை உண்டாக்குகின்றன. மஞ்சள் அப்படியல்ல, கரோட்டினாய்டு நிறமிகள் முன்பே இலையில் இருப்பவை, பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. வெயில் பகலும் குளிர்ந்த இரவும் அமைந்த ஆண்டில் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். மூட்டமான ஆண்டில் மங்கிப்போகும்.

ஆனால் கோடையில் கருகிய இலை எந்தக் குளிரிலும் சிவக்காது. தாழ்ந்த தொட்டியின் மண் விரைவில் காய்வதால், ஜப்பானின் கோடையான ஜூலை, ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறைகூடத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பிற்பகல் வெயிலுக்கு நிழலும் வேண்டும். உப்புத் தண்ணீர் ஆகாது; இலை நுனியிலிருந்து காயத் தொடங்கும். நல்ல இலையுதிர்கால நிறம் வேண்டுவோர் கோடையில்தான் உழைக்க வேண்டும்.

வசந்தத்தில் மொட்டு அவிழும்போது முதலிரண்டு இலைகள் கைகூப்பியதுபோல் ஒட்டிக்கொண்டு வெளிவரும். அவற்றின் நடுவே நூல் முனையளவு ஒரு குருத்து இருக்கும். இலை விரிவதற்குள் அதை இடுக்கியால் கிள்ளிவிட வேண்டும். சில நாள் தவறினாலும் குருத்து நீண்டு கணு இடைவெளி கூடிவிடும். கூடிய இடைவெளி பிறகு சுருங்காது. மேப்பிளின் மொட்டுகள் எதிரெதிரே இரண்டிரண்டாக அமைந்தவை. அதனால் ஒன்றைக் கிள்ளினால் இரண்டு துளிர்க்கும், இரண்டு நான்காகும். பல்லாண்டுகள் இப்படிக் கிள்ளிய மரத்தில்தான் மயிரிழை போன்ற நுண்கிளைகள் உருவாகின்றன.

கோடைத் தொடக்கத்தில் காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கும் முறைக்கு ஹகாரி என்று பெயர். சில வாரங்களில் புது இலைகள் முன்னைவிடச் சிறிதாக வரும். அவையே இலையுதிர்காலத்தில் தெளிவாக நிறம் கொள்ளும். நலிந்த மரத்திலும் தொட்டி மாற்றிய ஆண்டிலும் இதைச் செய்யக் கூடாது. தொட்டி மாற்றுவது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொட்டு பருத்து அவிழும் முன். ஜப்பானின் கான்டோ வட்டாரத்து எரிமலைச் சாம்பல் மண்ணில் கிடைக்கும் அக்கடாமா என்ற குருணை மண், நீரைப் பிடித்துக்கொண்டே வடிகாலும் தரும்.

வகைகளில் தெஷோஜோ வசந்தத்திலேயே செக்கச்செவேலென்று துளிர்த்து, கோடையில் பச்சைக்கு மாறும். கியோஹிமே குட்டை வகை. சாங்கோகாகுவின் இளங்கிளைகள் குளிர்காலத்தில் பவழ நிறம் கொள்ளும்.

தேர்ந்த கண்கள் இம்மரத்தை இலையில்லாமல் பார்க்கவே விரும்புகின்றன. 1934-இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி டோக்கியோவின் உவேனோவில் பிப்ரவரியில் நடக்கிறது. அங்கே மேப்பிள்கள் வெறும் கிளைகளோடு நிற்கும். அடிமரத்தைச் சுற்றி விரிந்த வேரையும் கிளைப் பின்னலையும் மறைக்க ஓர் இலைகூட இருக்காது. நெருப்புச் சிவப்பைவிட இந்த நிர்வாணமே வளர்த்தவரின் கைத்திறனுக்கு உண்மையான சான்று. இக்கலைக்கென்றே ஓர் ஊரும் உண்டு: 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வந்த வளர்ப்பாளர்கள் 1925-இல் சைத்தாமாவில் ஒமியா போன்சாய்க் கிராமத்தை அமைத்தார்கள். அதையொட்டி 2010-இல் போன்சாய்க் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

குளிர்கால உறக்கம் இம்மரத்துக்கு உயிர்த்தேவை. அது கிடைக்காத தமிழகச் சமவெளியில் மரம் ஆண்டுக்காண்டு மெலிந்து பட்டுப்போகும். குளிரூட்டிய அறையில் வைப்பதும் மருந்தாகாது. இணையத்தில் 'நீல மேப்பிள்' என்று விதை விற்கிறார்கள். நீல இலை கொண்ட மேப்பிள் உலகில் கிடையாது. சமவெளியில் போன்சாய் வளர்க்க ஆசைப்படுவோர் மேப்பிளை வாங்கிச் சாகவிட வேண்டாம். புளியிலோ இச்சியிலோ தொடங்குங்கள்.