பழைய பிக்கப்புக்கு வி-8 இன்ஜின்: வீட்டு ஷெட்டிலேயே மாற்றும் அமெரிக்கர்கள்... உண்மையான சிக்கல் எங்கே?

யூடியூபில் ‘எஸ்-10 வி-8’ என்று தேடிப் பாருங்க. வீட்டு ஷெட்டில் ரெண்டு பேர் நின்றுகொண்டு, 30 வயசான ஒரு குட்டி பிக்கப்பில் அதன் பழைய இன்ஜினைவிட ரெண்டு மடங்கு பெரிய இன்ஜினை இறக்கும் வீடியோக்கள் வரிசையாக வரும். 20 நிமிஷத்தில் எல்லா வேலையும் முடிந்து, வண்டி டயர் புகையைக் கிளப்பிக்கொண்டு பறக்கும்.

நிஜத்தில், இன்ஜினைத் தூக்கி உள்ளே வைப்பதுதான் இதில் சுலபமான பகுதி. அந்தப் பிக்கப்பின் பிரேக், பின் ஹவுசிங், ரேடியேட்டர் எல்லாமே 100 குதிரைத்திறனை மனசுல வெச்சு செய்யப்பட்டவை. இன்ஜின் மட்டும் மாறினால், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்க ஆரம்பிக்கும். ஆசையாகத் தொடங்கிய பல வண்டிகள் பாதி வேலையோடு ஷெட்டிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இந்த வண்டி?

செவர்லே எஸ்-10 என்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடலாக அமெரிக்காவில் கொண்டு வந்த சின்ன பிக்கப். ஆரம்பத்தில் அதில் இருந்தது ஜப்பானின் இசுசூ தயாரித்த 1.9 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். சக்தி 82 குதிரைத்திறன்தான். 90களில் வந்த 2.2 லிட்டர் இன்ஜினும் 120க்குள்ளேயே நின்றது. இன்னும் பலம் வேணும் என்றவர்களுக்கு 4.3 லிட்டர் வி-6 இருந்தது. 2004 வரை அமெரிக்காவில் விற்ற இந்த வண்டியில், கம்பெனி ஒருமுறைகூட வி-8 இன்ஜினைப் போட்டு விற்கவில்லை.

ஆனா வண்டியின் அமைப்பு அதற்கு ரொம்பத் தோது. எடை சுமார் 1,300 கிலோ. பின் சக்கரம் இழுக்கிற வண்டி. இன்ஜின் நீளவாக்கில் உட்காரும். பாடி தனி, சேஸ் தனி. இந்த சின்ன பிக்கப் எவ்வளவு தாங்கும் என்பதை 1991இல் கம்பெனியே காட்டியது. இதே அடித்தளத்தில், டர்போ போட்ட 4.3 லிட்டர் வி-6 இன்ஜினோடு ‘ஜிஎம்சி சைக்ளோன்’ என்ற பிக்கப் வந்தது. 280 குதிரைத்திறன். ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை அதை ஃபெராரி 348 காரோடு கால் மைல் ஓடவிட்டுப் பார்த்ததில், ஜெயித்தது பிக்கப்!

காயலான் கடையில் கிடைக்கும் 5.3

இந்த வேலைக்கு அதிகம் பேர் தேடிப் போவது ‘எல்எஸ்’ குடும்பத்து இன்ஜின்களை. இந்தக் குடும்பம் 1997 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமானது. அதன் இரும்பு பிளாக் வடிவங்கள் 1999 மாடலில் இருந்து சில்வராடோ போன்ற பெரிய பிக்கப்களில் 4.8, 5.3, 6.0 லிட்டர் அளவுகளில் வந்தன. லட்சக்கணக்கில் விற்ற வண்டிகள் என்பதால், விபத்தில் நொறுங்கியவையும் ஏராளம். 5.3 லிட்டர் இன்ஜின் அங்கே பழைய பாகங்கள் விற்கும் யார்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆரம்பத்தில் அதன் சக்தி 270 குதிரைத்திறன், அதாவது முதல் எஸ்-10 இன்ஜினைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இவ்வளவு பெரிய இன்ஜின் சின்ன பானெட்டுக்குள் எப்படி அடங்குது? கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே இல்லாமல் பிளாக்குக்கு உள்ளேயே இருப்பதால், ஹெட் சின்னதாகிவிடுகிறது. ஃபோர்டின் 4.6 லிட்டர் வி-8 அளவில் சிறியதுதான், ஆனா கேம் ஷாஃப்ட் மேலே இருப்பதால் அகலத்தில் இதைவிடப் பெரிசு. லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து இன்ஜின் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எடையும் கவனிக்கணும். இரும்பு பிளாக் 5.3 முழுசாக சுமார் 240 கிலோ வரும். முன் ஸ்பிரிங் மாற்றாவிட்டால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்.

உள்ளே இறக்கியாச்சு, அப்புறம்?

இங்கேதான் செலவு தொடங்குது. எஸ்-10 வண்டியின் நாலு சிலிண்டர் இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸ் இந்த இன்ஜினோடு சேராது. போல்ட் துளைகளின் அமைப்பே வேற. பலரும் 5.3 இன்ஜினோடு அதே வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கிவிடுவார்கள். கியர்பாக்ஸின் நீளம் மாறியதும் பின் சக்கரத்துக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டை வெட்டி, புது அளவுக்கு வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்கணும். இது வீட்டு வேலை இல்லை. லேத் பட்டறைக்குத்தான் போகணும்.

பெரிய பிக்கப்பின் ஆயில் பேன் ஆழமானது. அது எஸ்-10 சேஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். அதனால் கமாரோ காரின் ஆயில் பேனை வாங்கி மாட்டுகிறார்கள். சைலன்சர் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் ராடில் உரசும், அதையும் மாற்றணும். பழைய ரேடியேட்டர் முதல் டிராஃபிக்கிலேயே கைவிரிக்கும்.

பெட்ரோல் லைன் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்ப்பது ஆபத்து. கார்புரேட்டர் வண்டியின் பம்ப் தருவது 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம். இந்த இன்ஜினுக்குத் தேவை 58 பிஎஸ்ஐ. பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டால், அது வெடித்து சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் தெளிக்கும். இந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ், கிளாம்ப் எல்லாம் தனி ரகம்.

பிறகு வயரிங். புது இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் உண்டு. அந்த கம்ப்யூட்டரோ இன்னும் தன்னை சில்வராடோ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். திருட்டைத் தடுக்கும் சிக்னல் வராவிட்டால் இன்ஜினை ஓடவே விடாது. அதை நீக்க, கம்ப்யூட்டரில் புரோகிராம் மாற்றணும். ஸ்பானர் பிடிப்பதில் கில்லாடியான பலர் சோர்ந்துபோவது இந்த வயர் கட்டுக்கு முன்னால்தான்.

பின் ஹவுசிங்கும் பிரேக்கும்

சாதாரண எஸ்-10 வண்டியின் பின் ஹவுசிங்கில் உள்ள கிரவுன் வீல் சுமார் 7.5 இஞ்ச். இதில் 270 குதிரைத்திறனை இறக்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பல் உடையும். ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டியின் 8.8 இஞ்ச் ஹவுசிங்கைக் கொண்டு வந்து பொருத்துவது அங்கே பிரபலமான தீர்வு.

ஹவுசிங் உடைந்தால் வண்டி நிற்கும். பிரேக் போதாவிட்டால் வண்டி நிற்காது! ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 120இல் போனால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வந்த பழைய எஸ்-10 பிரேக்குக்கு இது பழக்கமே இல்லாத வேலை. ஆனா வீடியோக்களில் டர்போவுக்கு கிடைக்கும் நேரம் பிரேக்குக்கு கிடைக்காது. நியாயமாகப் பார்த்தால் பிரேக்கை முதலில் மாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் இன்ஜினையே வாங்கணும்.

வீட்டில் செய்யும்போது உயிர் போகும் இடங்கள்

ஹைட்ராலிக் ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது.

மடக்கி வைக்கும் இன்ஜின் கிரேனில் ‘2 டன்’ என்று எழுதியிருக்கும். அது கையை உள்ளே இழுத்து வைத்தால்தான். முழுசா நீட்டினால் இதே ரக கிரேன்களின் அளவு அரை டன்னுக்கு இறங்கிவிடும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கினால் 300 கிலோவுக்கு மேல், அதுவும் பானெட்டுக்கு மேலே ஆடிக்கொண்டு. ஒரு கை அதற்கு அடியில் இருக்கக் கூடாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பெட்ரோல் லைனில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை இறக்குவது இரண்டும் முதல் ஸ்பானர் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. ஏசி கேஸைக் காற்றில் திறந்து விடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். அதற்கான மெஷினால் உறிஞ்சி எடுக்கணும்.

அங்கே சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் இன்ஜின் மாற்றவே கூடாது என்று தடை இல்லை. ஆனா தூய காற்றுச் சட்டப்படி, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களைக் கழற்றுவதோ முடக்குவதோ குற்றம். கலிஃபோர்னியாவில் விதி இன்னும் கறார். மாட்டும் இன்ஜின், வண்டியின் மாடல் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்கணும். அதன் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சென்சார் எல்லாமே கூட வரணும். கனரக வண்டி இன்ஜினை இலகுரக வண்டியில் மாட்டக் கூடாது. ‘ரெஃப்ரி’ எனப்படும் தனி ஆய்வாளர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் புகைப் பரிசோதனையில் பாஸ். 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தப் பரிசோதனை கிடையாது. அங்கே ரொம்பப் பழைய பிக்கப்களுக்கு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மூரில் செய்யலாமா?

பெட்ரோல் ஜீப்பிலும் அம்பாசிடரிலும் டீசல் இன்ஜின் மாற்றி ஓட்டிய காலம் இங்கேயும் உண்டு. வேகத்துக்காக இல்லை, எரிபொருள் செலவுக்காக. இன்று நிலைமை வேற. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் போன்றவற்றுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தலாம். பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே ரக இன்ஜினைப் போட்டாலும் ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் எண்ணை மாற்றணும். பெரிய இன்ஜின் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மீறும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய பிக்கப் வாங்கப் போறவங்க, பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்க.