குழி தோண்டுற முன்னாடி ஒரு நிமிஷம்! வீட்டுத் தோட்டத்தில் செப்டிக் டேங்க் கட்ட அனுமதி, அளவு, சட்டம் - முழு விவரம்

பாதாள சாக்கடை வராத ஏரியாவில் இடம் வாங்கி, கடனை உடனை வாங்கி வீடு கட்டுபவர்கள் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து செய்வார்கள். வாசக்கால் எந்த மரம், தரைக்கு என்ன டைல்ஸ், பெயிண்டு என்ன கலர் என்று பத்து கடை ஏறி இறங்குவார்கள். ஆனால் செப்டிக் டேங்க் விஷயம் வந்தால் மட்டும், "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துக்குவார்" என்று விட்டு விடுகிறார்கள்.

அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. தோட்டத்து மூலையில் நாலு உறையை இறக்கி, மேலே சிலாப் போட்டு மூடி, அதன் மேல் ரெண்டு வாழை மரமும் வைத்தாச்சு என்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கழித்து கிணற்றுத் தண்ணீர் நாறும்போதும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் மனுவோடு போய் நிற்கும்போதும்தான் தெரியும்.

இந்த தலைவலி வராமல் இருக்க தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

தனி அனுமதி தேவையா?

புது வீடு கட்டும்போது செப்டிக் டேங்குக்கு என்று தனி விண்ணப்பம் கிடையாது. வீட்டுக்கு கட்டட அனுமதி கேட்டு கொடுக்கும் வரைபடத்திலேயே டேங்க் எங்கே வருகிறது, உறிஞ்சு குழி எங்கே வருகிறது என்று காட்ட வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் இப்போது 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. சின்ன வீடுகளுக்கு ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என அந்தந்த உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். பெரிய கட்டடம் என்றால் சென்னை பெருநகர் பகுதியில் சி.எம்.டி.ஏ.வுக்கும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு துறைக்கும் போக வேண்டும்.

2024 ஜூலை 22-ந்தேதி சுயசான்று திட்டம் தொடங்கப்பட்டது. 2 ஆயிரத்து 500 சதுர அடி வரையிலான மனையில், 3 ஆயிரத்து 500 சதுர அடி வரை தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் கட்டுபவர்கள், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி வாங்குவதற்கான திட்டம் இது. இந்த வீடுகளுக்கு கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது.

அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனால் இதில் ஒண்ணு கவனிக்கணும். அதிகாரி வந்து குழியை எட்டிப் பார்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. வரைபடத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு, தோட்டத்தில் வேறு ஒன்றைக் கட்டினால் பிறகு மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான், மேஸ்திரி அல்ல. அனுமதிக்கு மாறாக கட்டினால் நோட்டீசு அனுப்பவும், பூட்டி சீல் வைக்கவும் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்பு சட்டத்தில் இடம் இருக்கிறது.

பழைய வீட்டில் தோட்டத்தைத் தோண்டி புதிதாக டேங்க் கட்டுபவர்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு ஒரு மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது. நாளைக்கு தகராறு என்று வந்தால் கையில் இருக்கும் அந்தப் பேப்பர்தான் பேசும்.

எவ்வளவு பெரிசு கட்டணும்?

செப்டிக் டேங்குக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்திய தரக் குறியீடு உள்ளது. இதன்படி டேங்கின் உள் அகலம் 75 சென்டி மீட்டருக்கு, அதாவது இரண்டரை அடிக்கு குறையக் கூடாது. தண்ணீர் நிற்கும் ஆழம் குறைந்தது 1 மீட்டர். கொள்ளளவு குறைந்தது ஆயிரம் லிட்டர். நீளம், அகலத்தைப் போல 2 மடங்கு முதல் 4 மடங்கு வரை இருக்கலாம்.

5 பேர் உள்ள குடும்பத்துக்கு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டி மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணீர் ஆழம் போதும். 10 பேர் என்றால் 2 மீட்டர் நீளம், 90 சென்டி மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். இது 2 வருஷத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யும் கணக்கு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுமார் 1 அடி காலி இடமும் விட வேண்டும்.

"பெரிசா கட்டிட்டா ஆயுசுக்கும் லாரி கூப்பிட வேணாம்" என்று சிலர் சொல்வது தப்புக் கணக்கு. எவ்வளவு பெரிய டேங்க்காக இருந்தாலும் அடியில் வண்டல் சேரத்தான் செய்யும்.

உறை இறக்கினால் டேங்க் ஆகுமா?

ஆகாது. செப்டிக் டேங்க் என்றால் அடித்தளமும் சுவரும் சொட்டு தண்ணீர் கசியாமல் இருக்க வேண்டும். உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் வண்டலாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும். இதற்காகத்தான் நடுவில் தடுப்புச் சுவரும், உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் 'டி' வடிவ குழாயும் வைக்கிறார்கள்.

அடித்தளம் போடாமல் உறையை மட்டும் இறக்கினால், வடிகட்டாத மலக்கழிவு நேராக மண்ணுக்குள் போகும். டேங்க் நிரம்பவே இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நிரம்பாத கழிவு எங்கே போச்சு? நிலத்தடி தண்ணீருக்குத்தான் போச்சு.

கிராமங்களில் கட்டும் இரட்டைக் குழி கழிவறை வேறு வகை. அதில் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்த குழிக்கு மாற்ற வேண்டும். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மக்கி உரமாகி விடும். அதையும் செப்டிக் டேங்கையும் போட்டு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

சண்டை வருவதே இங்கேதான். உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றில் இருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தரக் குறியீடு. வீட்டில் இருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 40-க்கு 60 அடி. அதில் வீடும் கட்டி, கிணறும் வெட்டி, 60 அடி தள்ளி உறிஞ்சு குழியும் போடுவது லேசில் முடியாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பும் கட்டாயம் ஆக்கப்பட்டதால் அந்தக் குழியும் இதே தோட்டத்தில்தான் வர வேண்டும். மழைநீர்க் குழியையும் உறிஞ்சு குழியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், நல்ல தண்ணீரைச் சேமிக்கப் போய் சாக்கடையைச் சேமித்த கதை ஆகிவிடும். எனவே ஒன்றுக்கொன்று எதிர் மூலையில் போட என்ஜினீயரிடம் கேளுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்க்காதீர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

6 அடி தோண்டினாலே தண்ணீர் வரும் தாழ்வான இடங்களில் உறிஞ்சு குழி வேலைக்கே ஆகாது. மழைக்காலத்தில் கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் வரும். அங்கெல்லாம் கசியாத டேங்க் கட்டி, நிரம்ப நிரம்ப லாரியில் எடுப்பதுதான் வழி. டேங்க் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் திருப்பி விடுவது சட்டப்படி குற்றம்.

குடிநீரில் மலக்கழிவு கலந்தால் வாந்தி-பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வரிசையாக வரும். முதலில் படுப்பது வீட்டில் இருக்கும் குழந்தைகள்தான்.

டேங்க்குள் ஆளை இறக்கினால் ஜெயில்

செப்டிக் டேங்கில் விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் சாவது இன்னும் நிற்கவில்லை. மூடிக் கிடக்கும் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தேங்கும். ஆக்சிஜன் இருக்காது. உள்ளே இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பார், அவரும் போவார். ஒரே டேங்கில் ரெண்டு, மூணு உயிர் போவது இப்படித்தான்.

2013-ம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் டேங்க்குள் ஆளை இறக்கினால் முதல் முறை 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். காண்டிராக்டர் மட்டும் அல்ல, ஆளை இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் மாட்டுவார். சாவு ஏற்பட்டால் இழப்பீட்டை ரூ.10 லட்சத்தில் இருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபர் 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

எனவே கட்டும்போதே லாரிக் குழாய் விட வசதியாக ஒவ்வொரு அறைக்கும் மேன்ஹோல் மூடி வையுங்கள். மூடி மேலே டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள். வாயு வெளியேற 2 அங்குல குழாய் அவசியம். டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் அந்தக் குழாய் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர் உயரம் போக வேண்டும். குழாய் வாயில் கொசுவலை கட்ட மறக்கக் கூடாது.

லாரி கூப்பிடும்போது...

2, 3 வருஷத்துக்கு ஒரு முறை டேங்கை சுத்தம் செய்வது நல்லது. வழிந்த பிறகு கூப்பிடலாம் என்று இருந்தால், அதற்குள் வண்டல் உறிஞ்சு குழிக்குப் போய் அதையும் அடைத்து விடும். அப்புறம் புதுக் குழிக்குச் செலவு.

லாரிக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023-ல் அறிவிக்கப்பட்ட விதிப்படி உரிமம் 2 ஆண்டு செல்லும். கண்ட இடத்தில் கழிவைக் கொட்டினால் முதல் முறை ரூ.25 ஆயிரம், அடுத்த முறை ரூ.50 ஆயிரம் அபராதம். எடுத்த கழிவை ஏரியிலோ ஆற்றிலோ கொட்டக் கூடாது, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-ல் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பிறகு பல ஊர்களில் வந்துவிட்டது. டேங்க் சுத்தம் செய்வது பற்றிய உதவிக்கு 14420 என்ற எண் உள்ளது.

ஆசிட், பினாயிலை வாளி வாளியாக கழிவறையில் ஊற்றாதீர்கள். கழிவைத் தின்று கரைக்கும் கிருமிகள் செத்துப்போய், டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

சிலாப் மூடும் முன் பாருங்க

* வரைபடத்தில் காட்டிய இடத்தில்தான் குழி தோண்டி இருக்கிறதா?

* அடியில் கான்கிரீட், உள்பக்கம் பூச்சு போட்டாச்சா?

* தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தாச்சா?

* தடுப்புச் சுவர், 'டி' குழாய், காற்றுக் குழாய் இருக்கிறதா?

* செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைத்தாச்சா?

பாதாள சாக்கடை வந்த பிறகு இணைப்பு வாங்கி விட்டால், டேங்கை லாரி வைத்து காலி செய்து மண் போட்டு மூடிவிட வேண்டும். சும்மா விட்டு வைத்தால் சிலாப் இற்றுப்போய், விளையாடும் பிள்ளைகள் உள்ளே விழும் ஆபத்து இருக்கிறது.

சிலாப் மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியும். அதுக்கு முன்னாடி அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று நின்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.