பொலிஸ் மா அதிபரைக் கேள்வி கேட்பது யார்? பாராளுமன்றக் குழுக்கள் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, பதில் வராமல் காத்திருந்த அனுபவம் எம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. கான்ஸ்டபிள் தவறு செய்தால் பொறுப்பதிகாரியிடம் போகிறோம். பொறுப்பதிகாரி கேட்காவிட்டால் பொலிஸ் அத்தியட்சகரிடம் போகிறோம். எல்லோருக்கும் மேலே இருக்கும் பொலிஸ் மா அதிபரே கடமை தவறினால் அவரைக் கேட்பது யார்?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாராளுமன்றத்துக்கு முக்கிய இடமுண்டு. எமது நாட்டில் 2019 இலும் 2025 இலும் நடந்த இரண்டு விசாரணைகளைப் பார்த்தால் அது எப்படி இயங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

நியமனமும் பாதுகாப்பும்

பொலிஸ் மா அதிபரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். 2001 இல் 17ஆவது திருத்தம் கொண்டுவந்த இந்த நிபந்தனையை 2010 இல் 18ஆவது திருத்தமும் 2020 இல் 20ஆவது திருத்தமும் நீக்கின. 2015 இல் 19ஆவது திருத்தமும் 2022 இல் 21ஆவது திருத்தமும் அதை மீண்டும் கொண்டுவந்தன.

நியமித்த ஜனாதிபதி நினைத்த மாத்திரத்தில் அவரை நீக்கவும் முடியாது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆட்சியாளரின் கோபத்துக்குப் பயந்து வாழும் பொலிஸ் தலைவர் சட்டத்தை அல்ல, ஆட்சியாளரையே பார்ப்பார். எவராலும் கேட்க முடியாத பொலிஸ் தலைவரோ தானே ஓர் ஆட்சியாளராகிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாராளுமன்றக் குழுக்கள் வருகின்றன.

2019: கேள்வி கேட்ட குழு

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே, ஊரடங்கு அமுலில் இருந்த வேளையில், மினுவாங்கொடையிலும் குருநாகல், புத்தளம் மாவட்டங்களிலும் எமது பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அந்த மே மாதத்தில்தான் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைக்கப்பட்டது.

இத்தகைய குழுவுக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதிகாரம் உண்டு. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள் மற்றும் சிறப்புரிமைகள் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

அவ்வேளை கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டிருந்த பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர ஜூன் மாதம் ஊடகங்களின் முன்னிலையில் சாட்சியமளித்தார். 2018 ஒக்டோபருக்குப் பின்னர் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தான் அழைக்கப்படவில்லை என்றார். பொறுப்பை ஏற்றுப் பதவி விலகினால் வெளிநாட்டுத் தூதுவர் பதவி தருவதாக ஜனாதிபதி தன்னிடம் கூறியதாகவும் சொன்னார். மூடிய அறைகளுக்குள் இருந்த விடயங்களை நாட்டு மக்கள் முதன்முறையாகக் கேட்டது அங்கேதான். விசாரணையை எதிர்த்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பின்னர் குழுவிடம் வாக்குமூலம் அளித்தார்.

2019 ஒக்டோபர் 23 அன்று அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. ஏப்ரல் 4 அன்றே கிடைத்த வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கையை உரிய முறையில் கையாளாததில் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கே அதிக பொறுப்பு என்று குழு கண்டது. ஜனாதிபதி, பாதுகாப்புச் செயலாளர், பொலிஸ் மா அதிபர் ஆகியோரின் தவறுகளையும் அது பதிவு செய்தது.

ஆனால் அந்தக் குழுவால் யாரையும் தண்டிக்கவோ பதவி நீக்கவோ முடியாது. கேட்கலாம், பதிவு செய்யலாம், பரிந்துரைக்கலாம். பொறுப்புக்கு விலை நிர்ணயித்தது நீதிமன்றம். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபர் 75 மில்லியன் ரூபாவும் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

2025: பதவி நீக்கத்துக்கு வழிவகுத்த குழு

2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க, அலுவலர்களை அகற்றுதல் சட்டம் சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்கும் முறையைச் சொல்கிறது. தவறான நடத்தை, ஊழல், பாரதூரமான அதிகாரத் துஷ்பிரயோகம், கடமையில் பாரதூரமான அலட்சியம் ஆகியவற்றுடன், பதவியில் பாரதூரமான பாரபட்சம் காட்டுவதும் அதில் ஒரு காரணம். சிறுபான்மையினரான நாம் இந்தக் கடைசிக் காரணத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் முறைப்பாட்டுக்கு ஒரு நீதி, மற்றொரு சமூகத்துக்கு வேறு நீதி என்று பொலிஸ் தலைவர் நடந்துகொள்வதைச் சட்டமே பதவி நீக்கக் காரணமாகக் கருதுகிறது.

நடைமுறையில் மூன்று படிகள் உள்ளன. முதலில் விசாரணைக் குழு அமைக்கப் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அடுத்து மூவர் குழு விசாரிக்கும். அதில் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருப்பதில்லை. பிரதம நீதியரசர் நியமிக்கும் உயர் நீதிமன்ற நீதியரசரும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவரும் அதில் இருப்பர். குற்றம் நிரூபிக்கப்பட்டால் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர், அதாவது 225 பேரில் 113 பேர், நீக்கத்துக்கு வாக்களிக்க வேண்டும்.

23 வருடங்கள் பயன்படாமல் கிடந்த இந்தச் சட்டம் தேசபந்து தென்னகோன் விடயத்தில் செயற்பட்டது. சித்திரவதை வழக்கொன்றில் அவர் அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பின்னரும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராக்கப்பட்டார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2023 டிசம்பர் 31 அன்று வெலிகமவில் நடந்து, ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்த துப்பாக்கிச் சூட்டுச் சம்பவமும் அவருக்கு எதிராக எழுந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று 151 வாக்குகளால் தீர்மானம் நிறைவேறியது. நீதியரசர் பிரீத்தி பத்மன் சுரசேன தலைமையிலான குழு அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஓகஸ்ட் 5 அன்று 177 பேர் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. இலங்கையில் பாராளுமன்றத் தீர்மானத்தால் நீக்கப்பட்ட முதல் பொலிஸ் மா அதிபர் அவரே.

தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி

ஒரு குழு உண்மையை வெளியே கொண்டுவந்தது. மற்றொன்று பதவி நீக்கத்துக்கு வழி திறந்தது. ஆனால் இரண்டும் இழப்பு நடந்த பின்னரே வந்தன.

சஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் எமது மக்களே. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் மோதல் நடந்தது. அவர் தலைமறைவானார். அதற்கு முன்னும் பின்னும் முஸ்லிம்கள் முறைப்பாடு செய்தார்கள். அந்த முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது என்று ஒரு பாராளுமன்றக் குழு 2017 இலேயே பொலிஸ் மா அதிபரை அழைத்துக் கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். கேட்கும் அதிகாரம் அன்றும் இருந்தது. கேட்கத்தான் ஆளிருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முறைப்பாடு செய்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊர் சார்பாகக் கொடுக்கும் கடிதங்களின் பிரதிகளைப் பாதுகாக்க வேண்டும். எந்தக் குழுவும் முதலில் கேட்பது எழுத்து ஆதாரத்தையே.

பொலிஸார் மீதான முறைப்பாடுகளை ஏற்று விசாரிப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கடமை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ செல்ல வேண்டும். அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டு வருந்துவோர் அநேகர்.

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனு அனுப்பலாம். வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் வீதியும் வடிகானும் கேட்கிறோம். எமது ஊர் முறைப்பாடு எங்கே நிற்கிறது என்று குழுவில் கேளுங்கள் என்றும் அவரிடம் சொல்வோம். பதவி ஓர் அமானிதம். அதை ஒப்படைத்தவர்கள் கணக்குக் கேட்காமல் இருப்பதும் பொறுப்புத் தவறுவதே.