மூலிகையிலிருந்து மூலப்பொருள்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வளவுகள்தோறும் துளசியும் கற்பூரவள்ளியும் காணப்படும். வேலியோரங்களில் நொச்சியும் வெறுநிலங்களில் தும்பையும் வளரும். தடிமனுக்குக் கற்பூரவள்ளிச் சாற்றையும் தலைப்பாரத்துக்கு நொச்சியிலை வேதினையும் பரிகாரியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்களே அறிவர். இந்நான்கு செடிகளையும் இன்றைய தாவரவியலார் ஒரே குடும்பத்துள் அடக்குவர். மேனாட்டார் மருந்தாகப் போற்றிய சேஜ் என்னும் சல்வியாவும் அக்குடும்பத்ததே. அக்குடும்பத்துச் செடியொன்றிலிருந்து இரசாயனச் சேர்வையொன்று பிரித்தெடுக்கப்பட்ட வரலாற்றையும், அது நமக்கு உணர்த்துவதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலிகையின் குணத்துக்குக் காரணமான பொருளைத் தனித்தெடுக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. ஜெர்மனியில் செர்த்தூனர் அபினியிலிருந்து மோர்பீனைப் பிரித்தார். 1820இல் பெல்லட்டியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பெற்றனர். மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மூலிகையின் வீரியம் மாறும்; தனித்தெடுத்த பொருளையோ நிறுத்து அளந்து கொடுக்கலாம். பிரித்தெடுத்தலின் பெரும்பயன் இதுவேயாகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட செடிக்கு வருவோம். தமிழகத்தார் மருந்துக்கூர்க்கன் என வழங்கும் செடி, நம் வளவுக் கற்பூரவள்ளிக்கு நெருங்கிய உறவுடையது. அதன் கிழங்கை ஊறுகாயாக உண்ணும் வழக்கம் குஜராத்தில் உண்டு. 1970களில் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தாரும், பம்பாயிலிருந்த ஹோக்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளரும் இந்திய மூலிகைகளை வரிசையாகச் சோதித்து வந்தனர். வேரை உலர்த்திப் பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைத்து, கிடைத்த சாரத்தைப் பல கூறுகளாக வகுத்து, குணமுள்ள கூறு எதுவெனச் சோதித்து, அதனை மேலும் மேலும் வகுத்துச் செல்வது இத்தகைய ஆய்வின் பொதுமுறை. உலர்ந்த கிழங்கின் நூறு பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இச்செடியின் மூலப்பொருள் உள்ளது. அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதாகக் காணப்பட்டது.

ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் தோன்றின. இலக்னோவார் அதனைக் கோலியோனால் என்றனர்; பம்பாயார் 1977இல் ஃபோர்ஸ்கோலின் என்ற பெயரில் வெளியிட்டனர். இவை வெவ்வேறு அமைப்புடையன எனச் சில காலம் கருதப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது 1985இல் நிறுவப்பட, ஃபோர்ஸ்கோலின் என்பதே நிலைத்தது. இதற்கிடையில் 1981இல் அமெரிக்க ஆய்வாளர், அச்சேர்வை அடினைலில் சைக்கிளேசு என்னும் நொதியத்தை நேரே தூண்டுவதனைக் கண்டனர். அதனால் உலகெங்கும் கல ஆய்வுக்கு அஃது இன்றியமையாத கருவியாயிற்று.

அப்பெயர் யாருடையது? 1763இல் யேமன் நாட்டில் மாண்ட ஃபோர்ஸ்கால் என்னும் இயற்கையறிஞருடையது. செடியின் அக்காலத் தாவரவியற் பெயரில் அவர் நினைவு இருந்தமையால் சேர்வைக்கும் அதுவே அமைந்தது. தாவரவியலார் இன்று அச்செடியைக் கோலியஸ் பார்பேட்டஸ் என்றே வழங்குகின்றனர். செடியை விட்டு நீங்கிய பெயர் சேர்வையில் நின்றுவிட்டது. கிழங்கை உண்டு பேணி வந்த மக்களின் சுவடோ அப்பெயரில் இல்லை.

நம் நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. சிங்கள மக்கள் கொத்தலஹிம்புட்டு மரத்தாற் செய்த குவளையில் நீரை ஊறவைத்து நீரிழிவுக்கு அருந்துவர். 1997இல் யப்பானின் கியோட்டோ நகர அறிஞர் அதிலிருந்து சலாசினோல் என்னும் சேர்வையைப் பிரித்தெடுத்தனர்.

இவற்றைக் கொண்டு, இரசாயனவியலார் நம் செல்வத்தைக் கவர்ந்தனர் என்று குறைகூறி அமைவது எளிது. ஆனால் அவர்தம் உழைப்பு மெய்யான உழைப்பு. கலத்தினுள் நிகழ்வதனை எந்த வாகடமும் கூறவில்லை. முறைப்பாட்டினும் பதிவே வலியது என்பதற்கு மஞ்சள் சான்றாகும். புண்ணாற்றும் மஞ்சளின் பயன்பாட்டுக்கு அமெரிக்காவில் 1995இல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியமையால் 1997இல் அது நீக்கப்பட்டது. ஏட்டில் இருந்ததனாலேயே உரிமை மீண்டது.

வாவிக்கரையின் நிலை யாது? 1978ஆம் ஆண்டின் சூறாவளியையும், நெடும்போரையும், 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட கரை இது. ஓலைச்சுவடிகள் இவற்றுக்குத் தப்பி நிற்றல் அரிது. எஞ்சியவை முதியோர் நினைவிலேயே உள்ளன. சேர்வையைப் பிரித்தெடுப்பது விஞ்ஞான மாணவர் கடன். எந்தச் செடி, எந்த ஊரில், எந்நோய்க்கு, எப்பெயரில் வழங்கியது என்று கேட்டெழுதி வைப்பது கலைப்பீட மாணவராகிய நம் கடன். அதற்குச் சோதனைச்சாலை வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டைக் கொண்டு சென்று, நம் வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம்.