வாசித்தபின் வரும் மௌனம்: திருவண்ணாமலையும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் தியான வாசிப்பும்

முன்னுரை

திருவண்ணாமலையின் ஆன்மிக வரலாற்றை எழுதுவோர் மாணிக்கவாசகரில் தொடங்கி அருணகிரிநாதர், குகை நமச்சிவாயர், சேஷாத்திரி சுவாமிகள், ரமண மகரிஷி என வரிசைப்படுத்துவது வழக்கம். அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு கிறிஸ்தவத் துறவிக்கும் இடம் உண்டு. பிரான்சிலிருந்து வந்த பெனடிக்டின் சபைத் துறவியான ஹென்றி லெ சோ, 1952 முதல் 1955 வரை பல தடவை அருணாசல மலைக்கு வந்து, அதன் குகைகளில் தங்கித் தவமிருந்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் இன்று அறியப்படுபவர் அவரே.

விவிலியத்தை வாசிப்பது ஒன்று. வாசித்ததைத் தியானித்து அதன்படி வாழப் பழகுவது வேறொன்று. இந்த இரண்டாவது பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே எப்படி வளர்ந்தது, அதில் திருவண்ணாமலைக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாசிப்புக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் காலந்தோறும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. முதலில் மனப்பாடம் செய்தது. பிறகு விளக்கம் தேடியது. மௌனம் என்ற விடை அழுத்தம் பெற்ற இடம் அருணாசலம். அந்த மௌனம் வீட்டுக்குள் வந்து, அன்றாடச் செயலாக மாறும்போதுதான் முழுமை பெறுகிறது என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

மடத்தில் பிறந்த முறை

தியான வாசிப்பை மேலைத் திருச்சபை 'லெக்சியோ திவினா' என்று அழைக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 48ஆம் அதிகாரம், உடலுழைப்புக்கும் இறைநூல் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் வகுக்கிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் ஒரு நூலைப் பெற்று, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டும். பகல் ஓய்வு நேரத்தில் வாசிக்க விரும்புபவர் மற்றவருக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கட்டும் என்றும் அதே அதிகாரம் கூறுகிறது. அக்காலத் துறவிகள் வாய்விட்டு வாசித்தார்கள் என்பதற்கு இது சான்று. கண் பார்க்க, வாய் சொல்ல, காது கேட்க, ஒரே வசனத்தை மாடு அசைபோடுவதுபோல் திரும்பத் திரும்ப மெல்வதே அவர்கள் கண்ட வாசிப்பு.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் மடத்தலைவர் இரண்டாம் கிகோ இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் ஒன்றி அமைதல். நான்காவது படியில் மனிதர் செய்வதற்கு எதுவும் இல்லை. பெறுவது மட்டுமே உண்டு. லெ சோ பயின்ற மரபும் இதுவே. 1910இல் பிறந்த அவர் 1929இல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார். பெனடிக்டின் ஒழுங்கின்படி 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் ஓதி முடிக்கும் வாழ்வில் பத்தொன்பது ஆண்டுகள் ஊறியபின் 1948இல் இந்தியா வந்தார்.

செவிவழியும் அச்சுவழியும்

அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் விவிலியம் வேறு வழிகளில் மக்களை அடைந்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் காலம் தொட்டுக் கத்தோலிக்க ஊர்களில் இறைவார்த்தை பெரும்பாலும் செவிவழியே பரவியது. உபதேசியார் மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்க, மக்கள் மனப்பாடம் செய்தார்கள். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு அழுதார்கள். பாஸ்கு நாடகம் பார்த்து இயேசுவின் பாடுகளை அறிந்தார்கள். உபதேசியார்களின் ஆன்மிக வாழ்வுக்கென வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடமும் இறைவார்த்தை தங்கியது இந்த மனப்பாட மரபினால்தான். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சீர்திருத்தத் திருச்சபையினர் அச்சைத் தேர்ந்தார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. பப்ரீசியஸ், இரேனியஸ், பவர் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளும் திருத்தங்களும் அடுத்தடுத்து வந்தன. திருவண்ணாமலை வட்டாரத்தில் பணியாற்றிய டேனிஷ் மிஷன் பள்ளிகளைத் தொடங்கியது. நகரிலுள்ள டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே மிஷனின் சார்பில் 1889இல் இந்தியா வந்த எல். பி. லார்சன், 1936இல் வெளிவந்த தமிழ் வேதாகமத் திருத்தத்தில் முதன்மைப் பங்காற்றினார்.

பள்ளியும் அச்சும் சேர்ந்து ஒரு புதிய பழக்கத்தை உண்டாக்கின: காலையில் வேத வாசிப்பு, மாலையில் குடும்ப ஜெபம். வாசித்த அதிகாரத்துக்கு விளக்கம் தேடுவதும், அதற்கான பிரசங்கத்தைக் கேட்பதும் இதன் மையம். இங்கே விவிலியம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாயிற்று. ஆனால் விளக்கம் முடிந்தபின் அந்த வசனத்தோடு சும்மா இருப்பதற்கு நாள் ஒழுங்கில் தனி இடம் வகுக்கப்படவில்லை.

அருணாசலத்தில் ஒரு பெனடிக்டின்

1949 ஜனவரியில் லெ சோவை ரமணாசிரமத்துக்கு அழைத்து வந்தவர் அருள்பணி ஜூல்ஸ் மோன்சனின். இவர் 1939 முதல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு. மகரிஷியை முதலில் கண்டபோது லெ சோவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பேரொளியை எதிர்பார்த்து வந்தவர், அன்பு ததும்பும் ஒரு முதியவரை மட்டுமே கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். அப்போது ஆசிரமத்தில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, எதிர்பார்ப்புகளைச் சுமந்து வந்திருப்பதால்தான் எதுவும் உள்ளே நுழையவில்லை என்று அவரிடம் எடுத்துச் சொன்னார். பிறகு வேத பாராயணம் செவியில் விழுந்தபோது, காய்ச்சலில் கிடந்த நாள்களில், காணாதது மெல்லத் தெளிவாயிற்று.

ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் இரு சமயங்களின் சந்திப்பாகவே பார்க்கிறார்கள். வாசிப்பு வரலாற்றிலும் இதற்கு முக்கியத்துவம் உண்டு. ஒரு நூலையோ ஒரு மனிதரையோ நாம் அணுகும்போது, இன்ன பொருள் கிடைக்க வேண்டும் என்ற முன்முடிவே பெரிய தடை. திருப்பாடல்களை ஆண்டுக்கணக்கில் ஓதிய துறவியே அந்தப் பாடத்தைத் திருவண்ணாமலையில் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தபின், லெ சோ மலையையே தம் ஆசானாகக் கொண்டார். வண்ணாத்தி குகை, அருட்பால் தீர்த்தம் முதலிய இடங்களில் பல வாரங்கள் தனித்திருந்தார். அப்போது எழுதிய நாட்குறிப்புகள் ஒரு கடும் போராட்டத்தைக் காட்டுகின்றன. தாம் கற்ற மூவொரு கடவுள் நம்பிக்கையும், குகையின் அமைதியில் உணர்ந்த அத்வைத அனுபவமும் அவரை இருபுறமும் இழுத்தன. அந்த இழுபறி நெடுங்காலம் தீரவில்லை. ஆனாலும் நற்செய்தியை அவர் விட்டுவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில் அல்மோராவிலும் பின்னர் நாகபுரியிலும் நடந்த சந்திப்புகளில், கிறிஸ்தவ நண்பர்களோடு அமர்ந்து உபநிடதங்களையும் நற்செய்தியையும் அருகருகே வைத்துத் தியானித்தார். கிகோவின் நான்காவது படியை அவர் ஏட்டில் கற்றிருந்தார். அதில் காலூன்றி நிற்கப் பழகியது அருணாசலத்தில்.

சாந்திவனத்தின் நாள் ஒழுங்கு

இந்த அனுபவத்துக்கு ஓர் அமைப்பு வடிவம் கொடுக்கும் முயற்சி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாளன்று, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் மோன்சனினும் லெ சோவும் சாந்திவனம் எனப்படும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். 1957இல் மோன்சனின் மறைந்தார். 1968இல் லெ சோ இமயத்துக்குச் செல்ல, ஆசிரமப் பொறுப்பை ஏற்றவர் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ்.

அவர் காலத்தில் நிலைபெற்ற ஒழுங்கில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைச் செபம். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. திருப்பாடல்களோடும் விவிலிய வாசகத்தோடும் வேத, உபநிடதப் பகுதிகளும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் இடம்பெற்றன. விடியற்காலையிலும் அந்தியிலும் மௌனத் தியானம். வாசகம் கேட்டவர் உடனே எழுந்து கலைவதில்லை; கேட்டது உள்ளே இறங்க நேரம் தரப்பட்டது.

அதே காலத்தில் உலகத் திருச்சபையிலும் கதவு திறந்தது. 1965 நவம்பர் 18இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாட்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியம் எல்லா மக்களுக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றும், வாசிப்போடு செபமும் இணைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது. செஞ்சி வட்டாரத்துக் கல்லேரியில் பிறந்த அருள்பணி து. சை. அமலோர்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நிறுவி, அந்தப் போதனையை இந்திய மண்ணில் ஊன்றினார். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

எழுந்த எதிர்ப்புகள்

ஆசிரம வழியை எல்லோரும் ஏற்கவில்லை. மோன்சனினே தம் தோழர் சென்ற தூரத்தைக் கண்டு கவலை கொண்டார். மறுபுறம் தலித் கிறிஸ்தவ இறையியலாளர்கள் இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்பினார்கள்: சமஸ்கிருத மரபையும் துறவு வாழ்வையும் உயர்த்திப் பிடிக்கும் தியானம், கூலி வேலை செய்து சாதிக் கொடுமையைச் சுமக்கும் மக்களுக்கு என்ன தருகிறது?

இந்தக் கேள்வி நியாயமானது. பழைய ஆற்காடு மாவட்டங்களில் கிறிஸ்தவம் தழுவியவர்களில் மிகப் பலர் நிலமற்ற உழைப்பாளிகள். அதிகாலையில் வயலுக்குப் போகும் பெண்ணுக்குக் குகைவாசம் கிடைக்காது. தியான வாசிப்பு அவருக்கும் உரியதாக இல்லையென்றால், அது ஒரு சிலருடைய ஆன்மிகச் சொத்தாகவே நின்றுவிடும்.

அன்பியக் கூட்டத்தில் நான்காம் படி

இதற்கான விடை அன்பியங்களில் உருவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு. பங்கின் சில வீடுகள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடும் இந்தக் குழுக்களில், தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை பயன்படுகிறது. ஆண்டவரை அழைத்து, நற்செய்திப் பகுதியை வாசிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ வாய்விட்டு, செபம்போல மூன்று முறை சொல்கிறார்கள். இடையிடையே சிறு அமைதி. நான்காவது படி முழு மௌனம். ஐந்தாவது படியில் பகிர்வு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் விவாதிப்பதோ திருத்துவதோ கிடையாது. ஆறாவது படியில் அந்த வாரம் செய்ய வேண்டிய பணியை முடிவு செய்கிறார்கள். கடைசியில் செபம்.

எழுத்தறியாதவரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பது இம்முறையின் பலம். உபதேசியார் காலத்து மனப்பாடம் மூன்றாம் படியில் தொடர்கிறது. மடத்து மௌனம் நான்காம் படியில் இருக்கிறது. அருணாசலக் குகைகளிலிருந்து இது நேரடியாக வந்ததாகச் சொல்ல முடியாது. லும்கோவின் வழி வேறு. ஆனால் இரண்டுக்கும் ஆதாரமான நம்பிக்கை ஒன்றே: வார்த்தைக்கு விடை சொல்லுமுன் அதன் முன்னே பேசாதிருக்க வேண்டும்.

அன்றாட வாழ்வை மாற்றுவது ஆறாவது படி. நோயுற்ற அயலாரைப் போய்ப் பார்ப்பது, பேச்சுவார்த்தை முறிந்த உறவுக்காரரிடம் முதலில் பேசுவது, ஒரு விதவையின் மனுவை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்வது போன்ற பணிகள் அங்கே முடிவாகலாம். மௌனத்தில் ஊறாமல் எடுத்த முடிவு வெறும் சமூகப் பணியாகச் சுருங்கலாம். பணியில் முடியாத மௌனம் தன்னலமாகத் திரியலாம். தனியே வாசிப்பவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். காலையில் ஒரு வசனத்தை எடுத்து நிதானமாக வாசித்தவர், மாலையில் அதே வசனத்தைக் கொண்டு அன்றைய பேச்சையும் கோபத்தையும் கொடுக்கல் வாங்கலையும் சோதித்துப் பார்க்கிறார். நாள்பட இந்தப் பழக்கம் நாவை அடக்குகிறது. பிறர் சொல்வதை முழுதாகக் கேட்கும் பொறுமையைத் தருகிறது. வசனத்தைக் கேட்கப் பழகிய காது மனிதரையும் கேட்கப் பழகுகிறது.

முடிவுரை

அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில், ஓரேபு மலைக் குகையில் தங்கிய எலியாவின் நிகழ்ச்சி வருகிறது. காற்று, நிலநடுக்கம், நெருப்பு எல்லாம் கடந்தபின் மெல்லிய அமைதியில் அவர் கடவுளைச் சந்திக்கிறார். தியான வாழ்வினர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது உண்டு. ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. அடுத்த கணமே எலியா வந்த வழியே திருப்பி அனுப்பப்படுகிறார். செய்ய வேண்டிய மூன்று பணிகளும் அவருக்குச் சொல்லப்படுகின்றன.

தமிழ்க் கிறிஸ்தவ வாசிப்பின் வரலாறும் இதையே காட்டுகிறது. உபதேசியார்கள் வார்த்தையை நினைவில் வைத்தார்கள். அச்சுக்கூடங்கள் அதைக் கையில் கொடுத்தன. அருணாசலத்தில் தவமிருந்த துறவி அதன் முன்னே மௌனமாக இருக்கக் கற்றார். அன்பியங்கள் அந்த மௌனத்துக்குப் பின் எழுந்து நடக்கக் கற்றுத்தருகின்றன. இந்த நான்கில் எதை இழந்தாலும் வாசிப்பு குறைபட்டுப்போகும். இன்றைய திருச்சபைகள் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் வாசகத்துக்குப் பிந்திய அமைதிக்கு ஒதுக்க வேண்டும். அந்த அமைதியிலிருந்து எந்த அயலாருக்காக எழுந்து போகிறோம் என்ற கேள்வியையும் வாரந்தோறும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.